462 விசாவில் மெல்பர்ன் வரும் தங்கைக்கு: முதல் இரண்டு மாதம்

கேள்வி கேட்டிருப்பவர் கோவைப் பெண், 27 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். குலுக்கலில் பெயர் விழுந்து, வொர்க் அண்ட் ஹாலிடே எனும் 462 விசாவும் கைக்கு வந்துவிட்டது. ஜூன் கடைசியில் மெல்பர்னில் இறங்குகிறார், கையில் 6,000 ஆஸ்திரேலிய டாலர். அப்பாவின் நண்பர் குடும்பம் டார்னீட் என்ற புறநகரில் இருக்கிறது, "வருஷம் பூரா அங்கேயே இரு" என்பது வீட்டு உத்தரவு. அவர் கேட்பது நாலு விஷயம்: ஆபீஸ் வேலை கிடைக்குமா, எங்கே தங்குவது, தனியாகச் சமாளிக்க முடியுமா, குக்கர் கொண்டு வரணுமா.

நான் 2011-ல் மாணவியாக வந்து இங்கேயே தங்கிவிட்டவள். இந்தியர்களுக்கு இந்த விசா 2024-ல்தான் திறந்தது. 18 முதல் 30 வயது வரை, வருஷத்துக்கு 1,000 பேர். அப்படி வந்தவர்களில் மூன்று பேர் இதுவரை எங்கள் வீட்டுப் பின்னறையில் சில வாரம் தங்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள் பட்டதையும் நான் பட்டதையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆபீஸ் வேலையை முதலில் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. உங்கள் விசாவில் 8547 என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது அதன் சாரம் (தோட்ட வேலை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு). ஆள் எடுத்து, மூன்று மாதம் பழக்கி, நிமிர்வதற்குள் அனுப்பிவைக்க எந்த ஆபீஸுக்கும் மனசு வராது. உங்கள் துறையில் இரண்டு மூன்று மாதத் தற்காலிக வேலை அமையலாம். ரிக்ரூட்மென்ட் ஏஜென்சிகளில் பெயர் கொடுத்து வையுங்கள், ஆனால் அதை நம்பி 6,000 டாலரைக் கரைக்க வேண்டாம். காபிக் கடை, ஓட்டல், நிகழ்ச்சிகளுக்கான கேட்டரிங், குடோன், தோட்டம், இவைதான் இந்த விசாவின் வேலைகள். நீங்கள் இங்கே குடியேற வரவில்லை, ஒரு வருஷம் வாழ்ந்து பார்க்க வருகிறீர்கள். பிஆர் எனும் நிரந்தர வசிப்புரிமை வாங்கி வந்த மாமாக்களும் சித்தப்பாக்களும் சொல்லும் யோசனை நல்ல மனசோடு வருவதுதான், ஆனால் அது வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தவர்களின் யோசனை. உங்கள் கணக்கு வேறு.

அதனால்தான் டார்னீட் பற்றி ஒரு வார்த்தை. நல்ல ஊர், நம் மக்கள் நிறைய, மளிகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நகரத்துக்கு மேற்கே ஒதுங்கிய புறநகர். அங்கே போவது மெட்ரோ ரயில் அல்ல, வி/லைன் என்ற வெளியூர் ரயில். மெல்பர்னில் வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ ரயிலும் சில டிராம்களும் விடிய விடிய ஓடும், மற்ற நாட்களில் நள்ளிரவோடு சரி. ஓட்டல் வேலையில் ஷிஃப்ட் முடிய இரவு பதினொன்றரை ஆகும். அதற்குப் பிறகு டார்னீட் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் இல்லாமல், ஜூலைக் குளிரில் நடந்து போய், அங்கிள் ஆன்ட்டி தூக்கத்தைக் கெடுக்காமல் கதவைத் திறக்க வேண்டும். ஒரு வாரம் செய்யலாம். அதற்கு மேல் உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் சங்கடம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நீங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வாரத்துக்கு அந்த வீடு உண்மையிலேயே பெரிய வரம். காரணம் சாப்பாடு அல்ல, தபால்.

டிஎஃப்என் என்ற வரி எண்ணுக்கு நாட்டுக்குள் வந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். வரித்துறை இணையதளத்தில் இலவசம். காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். ஒன்பது இலக்க எண், கடிதமாக வரும், 28 நாள் வரை ஆகலாம். ஹாஸ்டல் முகவரி கொடுத்தவர்கள் கதையைக் கேட்டிருக்கிறேன். கடிதம் வரும்போது ஆள் வேறு ஊரில் இருக்கும், ரிசப்ஷனில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் நூறு கடிதத்தோடு அதுவும் கிடக்கும். டார்னீட் முகவரியைக் கொடுங்கள், வந்ததும் ஆன்ட்டியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் வராமலே வேலையில் சேரலாம், முதலாளியிடம் எண்ணைத் தர 28 நாள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் சம்பளத்தில் 45 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள்.

வங்கிக் கணக்கைக் கோவையிலிருந்தே ஆன்லைனில் தொடங்கிவிடலாம், பெரிய வங்கிகள் எல்லாம் இந்த வசதி தருகின்றன. இங்கே வந்து ஒரு கிளையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கார்டு கைக்கு வரும். போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: 2024 அக்டோபரில் இங்கே 3ஜி மூடப்பட்டுவிட்டது. 4ஜி வழியாக 000 என்ற அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கே தடுத்துவிடும். சாதாரண அழைப்பெல்லாம் ஊரில் நன்றாகப் போகிற போனும் இதில் மாட்டலாம். வாங்கி ரொம்ப வருஷமான போன் என்றால் புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி வாடகை. ஆழம் தெரியாமல் காலை விடுகிற இடம் இதுதான். இங்கே விளம்பரத்தில் போடுவது வார வாடகை, கட்டுவது பெரும்பாலும் மாதத்துக்கு. வாரம் 280 என்றால் மாதம் 1,120 என்று மனக்கணக்கு போடுவீர்கள். அப்படி இல்லை. 280-ஐ ஏழால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, பன்னிரண்டால் வகுக்க வேண்டும்: 1,217 டாலர். பாண்ட் எனப்படும் முன்பணமும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஓர் அறைக்குள் நுழைய முதல் நாளே 2,400 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். உங்கள் 6,000-ல் அது எவ்வளவு பெரிய துண்டு என்று பாருங்கள். அதனால்தான் வேலை எந்தப் பக்கம் என்று தெரிவதற்கு முன் அறை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

பாண்ட் யார் கையிலும் இருக்கக் கூடாது. விக்டோரியா மாநிலத்தில் அதை வாங்குபவர் பத்து வேலை நாளுக்குள் ஆர்டிபிஏ என்ற அரசு அமைப்பிடம் கட்ட வேண்டும், உங்களுக்கு அங்கிருந்தே தகவல் வரும். "நம்ம ஊர்ப் பொண்ணுதானே, கைல குடுத்துடும்மா" என்று கேட்டவரிடம் 2011-ல் நான் 400 டாலர் கொடுத்தேன். காலி செய்யும்போது கம்பளத்தில் கறை, சுவரில் ஆணி என்று சொல்லி ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. அந்தக் கறை நான் போகும்போதே இருந்தது. ஆனால் என்னிடம் போட்டோ இல்லை. நுழையும் நாளில் அறையின் நாலு மூலையையும் வீடியோ எடுத்து உங்களுக்கே ஈமெயில் அனுப்பி வையுங்கள், தேதி தானாகப் பதிந்துவிடும். அறையை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பச் சொல்பவர் எத்தனை அழகான படம் போட்டிருந்தாலும் மோசடிக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதி என்று கேட்டால், என் ஓட்டு ஃபுட்ஸ்க்ரேக்கு. நகர மையத்திலிருந்து ரயிலில் பத்து நிமிஷத்துக்குள்தான், பல வழித்தடங்கள் சேரும் ஸ்டேஷன், வியட்நாமியரும் எத்தியோப்பியரும் நடத்தும் சாப்பாட்டுக் கடைகள், காய்கறி மலிவு. வடக்கே கோபர்க், பிரெஸ்டன் பக்கமும் பார்க்கலாம், பிரன்ஸ்விக் கொஞ்சம் விலை கூட. கிளேட்டனும் டாண்டினாங்கும் நம் ஆட்கள் நிறைந்த ஊர்கள், நான் வந்த புதிதில் கிளேட்டனில்தான் இருந்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும் வருகிறவர் டாண்டினாங்கில் வாழ்வதைவிட மாதம் இரண்டு முறை டாண்டினாங்குக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

வீட்டைப் பார்க்கப் போவதை இங்கே இன்ஸ்பெக்ஷன் என்பார்கள். பார்ப்பது நீங்கள் மட்டுமல்ல, அங்கே இருப்பவர்களும் உங்களைப் பார்க்கிறார்கள், கிட்டத்தட்டப் பெண் பார்க்கும் படலம். என்ன சமைப்பீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், ஹீட்டர் எப்போது போடுவீர்கள். சமையலை மறைக்காதீர்கள். பெருங்காயம் போடுவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு பிரச்சனை வராது. இன்னொன்று, தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டு, பால்கனிக் கதவைத் திறங்கள். அடுக்குமாடி என்றால் புகையை வெளியேற்ற வாசல் கதவை மட்டும் திறக்கவே கூடாது. என்னோடு இருந்த மதுரைப் பொண்ணு அதைத்தான் செய்தாள், வேறு ஒரு வீட்டில். காய்ந்த மிளகாய் கருகிய புகை நடைக்கூடத்துக்குப் போய், அங்கே இருந்த கட்டிடத்தின் பொது அலாரம் அடித்து, பதினோரு மாடியும் பைஜாமாவோடு தெருவில் நின்றது. தீயணைப்பு வண்டியும் வந்தது. அந்த மாதிரி வீண் அழைப்புக்குப் பில்லும் வரும்.

வேலை தேடுவதில் ஆன்லைனை மட்டும் நம்பாதீர்கள். காபிக் கடைகளுக்கு இன்னும் காகித ரெஸ்யூமேதான், ஒரே பக்கம், கையில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். நேரம் முக்கியம். பன்னிரண்டு மணிக்குப் போனால் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். கூட்டம் வடிந்து நாற்காலிகளைக் கவிழ்க்கும் முன், மதியம் இரண்டரை மணி வாக்கில் போங்கள். "ஹௌ யா கோயிங்?" என்பார்கள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, நலமா என்று கேட்கிறார்கள். "குட், தேங்க்ஸ், யூ?" என்றால் போதும். திருப்பூரில் பையர்களோடு பேசிய இங்கிலீஷ் உங்களுக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

பிறகு ட்ரயல் எனும் சோதனை வேலைக்குக் கூப்பிடுவார்கள். கறுப்புப் பேன்ட், கறுப்புச் சட்டை, வழுக்காத கறுப்பு ஷூ, இந்த மூன்றையும் ஊரிலிருந்தே கொண்டு வாருங்கள். அந்த மதுரைப் பொண்ணு முதல் ட்ரயல் முடிந்து வந்து சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. மூன்று தட்டுகளை ஒரே கையில் எடுக்கச் சொன்னார்களாம், இரண்டுதான் நின்றது. அதற்காக யாரும் திட்டவில்லை. ஆனால் சூடான சூப்போடு வந்தவருக்குப் பின்னால் சத்தம் கொடுக்காமல் போனதற்குத் திட்டு விழுந்தது. சமையலறையில் யாருக்குப் பின்னால் போனாலும் "பிஹைண்ட்!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நம் பெண்களுக்கு அந்தச் சத்தம் லேசில் வராது. அவள் என் ஹாலில் நடந்து நடந்து கத்திப் பழகினாள். அடுத்த கடையில் வேலை கிடைத்தது.

உங்கள் திறமையைப் பார்க்கத் தேவையான சிறிது நேரத்துக்குத்தான் சம்பளமில்லாத ட்ரயல் சட்டப்படி செல்லும். முழு ஷிஃப்ட் வேலை வாங்கிவிட்டு "சொல்லி அனுப்புகிறோம்" என்றால் அது திருட்டு. மது பரிமாறும் இடம் என்றால், பொறுப்பாக மது பரிமாறுவதற்கான ஆர்எஸ்ஏ சான்றிதழ் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, விக்டோரியாவுக்கானதையே எடுங்கள்.

கூலிக் கணக்கு. 2025 ஜூலை நிலவரப்படி தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். உங்களை எடுப்பது பெரும்பாலும் கேஷுவலாகத்தான், அதாவது லீவு சம்பளம் கிடையாது, அதற்குப் பதில் 25 சதவீதம் கூடுதல், ஆக 31.19. ஒவ்வொரு தொழிலுக்கும் அவார்டு என்று தனிக் கூலி அட்டவணை உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம், ஞாயிறும் அரசு விடுமுறையும் என்றால் நன்றாக ஏறும். வருஷா வருஷம் ஜூலை 1-ல் தொகை மாறும், நீங்கள் வந்ததும் புது அட்டவணையைப் பாருங்கள். வாரம் 25 மணி நேரம் கிடைத்தால் 780 டாலர். உங்கள் விசாவுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி, 45,000 டாலர் வருமானம் வரை அதே விகிதம். ஆக 117 போய் 663 கைக்கு வரும். 280 வாடகை போக மிச்சத்தில் ஒருவர் மரியாதையாக வாழலாம். இதுபோக முதலாளி 12 சதவீதம் சூப்பர் எனும் ஓய்வூதியக் கணக்கில் கட்ட வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அதைக் கேட்டு வாங்கலாம், ஆனால் உங்கள் விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதத்தை வரியாக எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் கொஞ்சம்தான், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

இப்போது சொல்லக் கூச்சமான விஷயம். குறைந்த கூலி கொடுத்து என்னை ஏமாற்றியவர் வெள்ளைக்காரர் அல்ல. படிக்கும்போது நம்மவர் நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன். மணிக்கு பத்து டாலர், கையில் காசு, மிஞ்சிய பிரியாணி இலவசம். அக்கா, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், அதனாலேயே கேட்க வாய் வரவில்லை. நீங்கள் கேளுங்கள். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பேஸ்லிப் எனும் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். பேஸ்லிப் இல்லாத இடத்தில் இரண்டாவது வாரம் நிற்காதீர்கள். ஏபிஎன் என்ற தொழில் எண் எடுத்துக்கொண்டு வா, நீ தனி காண்ட்ராக்டர் என்று தட்டு கழுவும் வேலைக்குச் சொன்னாலும் அதே பதில்தான். கூலிப் புகார்களைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் எண் 13 13 94, தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாலும் கேட்கலாம். 2025 ஜனவரியிலிருந்து வேண்டுமென்றே கூலியைக் குறைப்பது கிரிமினல் குற்றம்.

இரண்டாவது வருஷமும் இருக்க ஆசை வந்தால், அனுமதிக்கப்பட்ட பகுதியில், அனுமதிக்கப்பட்ட வேலையை மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். இங்கே எல்லோரும் 88 நாள் என்பார்கள். தோட்ட வேலை என்றால் சேரும் முன் அந்த இடத்தின் அஞ்சல் குறியீடு பட்டியலில் இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் நீங்களே பாருங்கள், "இருக்கும்மா" என்ற வாய்வார்த்தை செல்லாது. பேஸ்லிப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். மில்டூராவில் திராட்சை, ஷெப்பர்டன் பக்கம் பேரிக்காய், ஆப்பிள் எல்லாம் கோடைக் கடைசியில் பறிப்பார்கள், அதாவது ஜனவரி முதல் ஏப்ரல் வாக்கில். நகரத்தில் வேலை சூடு பிடிப்பது செப்டம்பர் முதல்: ஃபுட்டி எனும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் இறுதிப் போட்டிகள், நவம்பர் முதல் செவ்வாயன்று மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம், ஜனவரியில் டென்னிஸ். அப்போது கேட்டரிங் கம்பெனிகள் கொத்துக் கொத்தாக ஆள் எடுக்கும். நீங்கள் வரும் ஜூலை மந்தமான மாதம். முதல் மூன்று வாரம் வேலை இல்லையென்றால் உங்களிடம் ஏதோ குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த மாதம் குளிரும் சோதிக்கும். பகலில் 14 டிகிரி, இரவில் 6, 7. கேட்டால் ஊட்டி மாதிரிதானே என்று தோன்றும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே பழைய வீடுகளில் உள்ளேயும் அதே குளிர்தான். ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிக்கும். கோட்டை ஊரில் வாங்காதீர்கள், ஆப் ஷாப் எனப்படும் தர்மக் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டு இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும். ஒரு மின்சாரப் போர்வை வாங்குங்கள், அறை முழுக்க ஹீட்டர் போடுவதைவிடச் செலவு குறைவு, வீட்டில் சண்டையும் வராது. பகலில் ஸ்டேட் லைப்ரரிக்குப் போங்கள். 1913-ல் கட்டிய பெரிய கும்மட்டத்துக்குக் கீழே, பச்சை விளக்கு வைத்த மேசையில், வெதுவெதுப்பாக உட்கார்ந்து இலவச வைஃபையில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய நகரத்துக்குள் டிராமும் இலவசம். எல்லையைத் தாண்டினால் மைக்கி என்ற பயண அட்டையை இயந்திரத்தில் தொட வேண்டும், அபராதம் சுளையாக இருக்கும்.

இந்தியர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஆம்புலன்ஸ் ஒரு முறை வந்தாலே ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆம்புலன்ஸ் விக்டோரியா என்ற அமைப்பில் வருஷ உறுப்பினர் கட்டணம் சுமார் 50 டாலர்தான். காப்பீட்டில் ஆம்புலன்ஸ் வரவில்லையென்றால் அதைக் கட்டிவிடுங்கள்.

தனியாகச் சமாளிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரவு ரயில் பயம் அம்மாவுக்கு இருந்தால், பல மெட்ரோ ஸ்டேஷன்களில் இரவில் பிஎஸ்ஓ என்ற காவலர்கள் நிற்பார்கள் என்று சொல்லுங்கள். தனிமை வேறு விஷயம். பொதுவாக ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் வருகிறது. ஊர் புதுமை தீர்ந்திருக்கும், வேலை பழகியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் இருக்காது. அப்போது டாண்டினாங் ரயிலைப் பிடியுங்கள். இலங்கைத் தமிழர் கடையில் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து வாங்கி வாருங்கள். கோயில் வேண்டுமென்றால் சன்ஷைன் நார்த்தில் முருகன், கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு. ஆனால் வாரம் ஒரு நாளாவது தமிழ் பேசாத கூட்டத்திலும் இருங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பல பூங்காக்களில் பார்க்ரன் நடக்கும், ஐந்து கிலோமீட்டர், இலவசம், நடந்தே முடிக்கலாம். ஓடியவர்கள் பிறகு காபி குடிக்கப் போவார்கள், நீங்களும் கூடவே போங்கள். என் பின்னறையில் இருந்த பையன் அறை பிடித்ததே அந்தக் காபிக் கூட்டத்தில்தான்.

வீட்டுக்குப் போன் பண்ண: குளிர்காலத்தில் இந்தியா நாலரை மணி நேரம் பின்னால், அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஐந்தரை. இரவு ஷிஃப்ட் முடிந்து பதினொன்றரைக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழு மணி, அம்மா சீரியலுக்கு உட்கார்ந்திருப்பார்.

குக்கர் வேண்டாம். டாண்டினாங்கில் நம் ஊர் பிராண்டுகளே கிடைக்கும், எடையில் மூன்று கிலோ மிச்சம். அந்த மூன்று கிலோவுக்கு அம்மா பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டித் தருவார், தாராளமாகக் கொண்டு வாருங்கள். ஆனால் விமானத்தில் தரும் அட்டையில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு "ஆம்" என்று டிக் அடித்து, அதிகாரியிடம் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். சொல்லிவிட்டால் மிஞ்சிப் போனால் ஒன்றிரண்டை எடுத்துக் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் நூற்றுக்கணக்கில் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் மட்டும் பெட்டியில் இருக்கவே கூடாது, அம்மா எந்தச் சந்தில் செருகி வைத்திருக்கிறார் என்று கிளம்பும் முன் ஒருமுறை தடவிப் பாருங்கள்.